கதவைத் தட்டிய குமாஸ்தா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகுவலி எப்படி? மூன்று கடிதத்துக்கு ஒரு பதில் போடுகிறாய், கஞ்சம். தையல் மெஷினிலிருந்து எழுந்து நாலு வரி எழுதினால் என்ன?

சின்ன வயதில் நீ எனக்கு வாசித்த தடி ரஷ்ய நாவல் உன்னிடம்தானே இருக்கிறது? வீட்டை விட்டு ஓடிய குமாஸ்தா திரும்பி வந்து, கதவைத் தட்டி, எல்லோர் முன்னாலும் "தப்பு பண்ணிட்டேன்" என்பானே, அது எந்தப் பக்கம்? அந்த எழுத்தாளரைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அங்கேதான் முடிப்பேன். நேற்று ஒரு மாணவி, "சார், அப்படி ஒரு இடமே இல்லையே" என்றாள். "கைடுல படிச்சா அப்படித்தாம்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் மன்னிப்புக் கேட்டாள்.

அவசரமாகப் புரட்டியதில் என் பிரதியிலும் கண்ணில் படவில்லை.

தம்பி

மார்ச் 9

வாலுக்கு,

பக்கம் தேடாதே. அது நாவலில் இல்லை.

அப்பா நம்மை விட்டுப் போய் இரண்டு மாதம். உனக்குக் காய்ச்சல். "அந்தக் குமாஸ்தா வந்துடுவானாக்கா?" என்று தினமும் கேட்டாய். புத்தகத்தில் அவன் வாசல் வரை வருவான். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். திரும்பிப் போய்விடுவான். அதை உனக்கு எப்படி வாசிப்பேன்? வாய்க்கு வந்ததை வாசித்தேன்.

பிறகு நீயே படித்திருப்பாய், மனசுக்குள் என்னைக் கேலி செய்திருப்பாய் என்று கூசிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். நீ படிக்கவே இல்லையா?

அந்தப் பெண்ணை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா

மார்ச் 15

அக்கா,

படித்ததில்லை. மற்ற நாவல்களைப் படித்தேன். இதை நீ வாசித்துவிட்டாயே என்றிருந்தேன்.

நேற்றுதான் படித்து முடித்தேன். தட்டுச் சத்தம் எனக்கும் கேட்டது.

இன்று வகுப்பறை வாசல் வரை போனேன். முன்வரிசையில் உட்காருபவள் கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தாள். "ஏய் கைடு, பேனா குடு" என்றான் ஒருவன். பட்டப்பெயராகிவிட்டது.

தலைவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். புத்தகத்தில் உள்ளபடி.

நாளை பத்து மணிக்கு வகுப்பு. நீ வாசித்தபடி செய்யப் பார்க்கிறேன். செய்தால் எழுதுகிறேன்.

தம்பி

ஏப்ரல் 28

வாலுக்கு,

கடிதம் இல்லை. புரிகிறது.

அவளுக்கு நானே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் என் பொய் தீரும். உன்னுடையது உன்னிடமே இருக்கும்.

விடுமுறைக்கு வருவதானால் வா. வாசல் வரை வந்து திரும்பிப் போய்விடாதே. இன்னொரு முறை கதை கட்ட எனக்குத் தெம்பில்லை.

அக்கா