அம்மா அனுப்பாத சீட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. அத்தான் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றால் அவரிடமும் வேண்டாம், உன் பையன் வாலுக்குப் படித்துக் காட்டவும் வேண்டாம், நாலு வயதுப் பிள்ளை போனில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். படித்ததும் கிழித்துவிடு. அறைக் கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வைத்து வெளிச்சம் வெளியே போகாமல் அடைத்துவிட்டு எழுதுகிறேன். அம்மா பார்த்தால் கிழிக்கமாட்டாள், உட்கார்ந்து திருத்துவாள், அதற்குப் பிறகு இது உன் கைக்கு எப்போது வரும் என்று சொல்லமுடியாது. நீயும் வாலும் சுகமா? அம்மா இதைக் கேள்வியாக எழுதினாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவாள், நான் உண்மையாகவே கேட்கிறேன். இங்கே மூன்று பேரும் சுகம், எனக்கு மட்டும் சளி. உடம்பு, வீடு, கவலை, புத்திமதி, கடைசியில் ஆசி என்பதுதான் அம்மா கடிதங்களின் வரிசை. எனக்கு வேறு வரிசை தெரியாது, அதிலேயே போகிறேன்.

வீட்டில் எதுவும் மாறவில்லை. பால் அடுப்பில் இருக்கும்போதே அம்மா கையில் தாள்கள் இருக்கும், பால் பொங்கி அடுப்பை அணைக்கும், அவள் பக்கத்தைத் திருப்புவாள், அப்பா வந்து மேடையைத் துடைத்துவிட்டு வேறு பால் வைத்து இரண்டாம் பதிப்பு வந்தாச்சு என்பார். சாப்பிடும்போது தண்ணீர்ச் செம்பில் சாய்த்துப் புத்தகம் வைத்துக்கொள்கிறாள், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யோசிக்கிறாள். ஒரு நாள் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை இவளும் எட்டிப் படித்துக்கொண்டே போய், அவர் இறங்கும்வரை இறங்காமல் இருந்துவிட்டு, நடந்து திரும்பி வந்தாள். பென்சில் பழக்கமும் போகவில்லை. கண்ணாடி இல்லாமல் சிலருக்குப் படிக்க முடியாது, அம்மாவுக்குச் சிவப்புப் பென்சில் இல்லாமல் முடியாது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், கல்யாணப் பத்திரிகை, மின்கட்டண அறிவிப்பு எதுவானாலும் அடியில் கோடு, ஓரத்தில் ஒரு சொல். என் பள்ளி அறிக்கையில் வகுப்பு டீச்சர் கவனம் சிதறுகிறது என்று எழுதியிருந்தார், அதற்கு வட்டம் போட்டு எதில் என்று கேட்டு எழுதி, அதிலேயே கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்க வீட்ல எனக்கே மார்க் போடுறாங்களா என்று கேட்டார். அப்பாவும் கணக்கு வாத்தியார், அவர் மேசையிலும் சிவப்புப் பேனா, இரண்டு சிவப்புக்கு நடுவில் நான் வளர்கிறேன். ஒன்று மட்டும் நீ ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் இது வேண்டியிருக்கும். அம்மாவுக்கு மனதில் தைக்காத எழுத்தை அவள் வெள்ளையாகவேதான் திருப்பி அனுப்புவாள். கோடு நிறைய விழுந்திருந்தால் அந்தத் தாளோடு அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அர்த்தம்.

அம்மாவின் பதிப்பகம் இன்னும் அந்தப் பூட்டு ரிப்பேர் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளில்தான் நடக்கிறது. கீழே அரம் தேய்க்கிற சத்தம், மேலே அச்சுக்குப் பக்கம் அமைக்கிற அண்ணனின் இருமல். நீ போனபிறகு ஓர் ஆள் புதிதாக வந்திருக்கிறாள், நாங்கள் பார்சல் அக்கா என்று கூப்பிடுகிறோம், அவளைப் பற்றி அம்மா உனக்கு எழுதியிருப்பாள். புத்தகக் கட்டு கட்டுவதும், வேண்டாம் என்று முடிவான கையெழுத்துப் பிரதிகளைத் திருப்பி அனுப்புவதும் அவள் வேலை. நல்லவள். அம்மா மேசையின் இடது பக்கம் இருப்பதெல்லாம் திருப்பி அனுப்ப வேண்டியது என்பது அங்கே சட்டம். சாயங்காலம் அவள் அதை அள்ளிக்கொண்டு போய், உறையில் இருக்கும் முகவரியைப் பார்த்துத் திரும்ப எழுதி, அச்சடித்து வைத்திருக்கும் சின்னச் சீட்டு ஒன்றை மேலே குத்தி அனுப்பிவிடுவாள். அந்தச் சீட்டை நீ முன்பு பார்த்திருக்கிறாய். தங்கள் படைப்பைக் கவனமாகப் பரிசீலித்தோம், எங்கள் திட்டத்துக்குள் அடங்காததால் ஏற்க இயலவில்லை, வருந்துகிறோம். பார்சல் அக்காவுக்கு ஒரு பழக்கம், எதைக் கட்டினாலும் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத்தான் கட்டுவாள். முடிவு தெரியாவிட்டால் கயிறு சரியாக முடிச்சு விழாது என்பாள்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு அங்கே போனேன். கடல் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் வருகிறது, நான் மூலத்தை உரக்கப் படிக்க வேண்டும், அம்மா அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டு வருவாள். அம்மா அச்சகத்துக்குப் போயிருந்தாள். பார்சல் அக்கா எனக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டாள். “உங்கக்காவும் கதை எழுத ஆரம்பிச்சிட்டாங்களா? நல்லாத்தான் இருந்துச்சு. பொண்ணு கைக்குழந்தையத் தூக்கிட்டு வீட்டுக்கு வரட்டுமான்னு அம்மாவக் கேக்குது. அப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்கங்குது. அதோட முடிஞ்சிடுது. பாவம், மேடம் ரொம்பக் கோடு போட்டிருந்தாங்க, முடிவு பிடிக்கல போல. அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டேன்.” நான் தேநீரைக் குடித்து முடித்தேன். சீட்டு வைத்தீர்களா என்று கேட்டேன். சீட்டு வைக்காமல் எதையும் அனுப்பமாட்டேன் என்று அவள் கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். கதைதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், வாலைக் கைக்குழந்தை என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நான் எதையும் திருத்தவில்லை.

அக்கா, அந்தச் சீட்டை அம்மா வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நடந்ததை நானாகச் சேர்த்துப் பார்த்தது இதுதான். உன் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது, நீ பெரிய தாள்களில் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாய், அம்மா கையில் பென்சிலோடு படித்தாள், முதல் தாளை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்தத் தாள் இப்போதும் அங்கே இருக்கிறது, அன்புள்ள அம்மா என்ற வரி மட்டும் வெளியே தெரியும்படி மடித்திருக்கிறாள், பேருந்துக்குச் சில்லறை எடுக்கும்போது பார்த்தேன், பிரித்துப் படிக்கவில்லை. மற்றத் தாள்கள் உறையோடு மேசையில் இருந்தபோது அச்சகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டு அவள் எழுந்து போயிருக்கிறாள். எந்தப் பக்கம் வைத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அன்றைக்குச் சாயங்காலமும் அடுத்த நாளும் அலுவலகத்தையே தலைகீழாகப் புரட்டியிருக்கிறாள். என்ன தேடுறீங்க என்று பார்சல் அக்கா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறாள். உன் விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று அவள் வாயை மூடிக்கொண்டாள், அதனால்தான் யாருக்கும் எதுவும் தெரியாமல் போனது. தாள்கள் தொலைந்துவிட்டன என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவை சிவப்புக் கோடுகளோடும் அந்தச் சீட்டோடும் உன் கதவுக்கு வந்து சேர்ந்தது அவளுக்குத் தெரியாது.

நீ அதைப் பிரித்தபோது என்ன நினைத்திருப்பாய் என்று யோசிக்க ஆரம்பித்து உடனே நிறுத்திவிட்டேன். நீ அதற்குப் பிறகு போன் செய்து எல்லாம் சரியாகிவிட்டது, எழுதியதை மறந்துவிடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னாய், பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. இப்போது இருப்பதைவிடத் தூரத்தில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னாய். அம்மா போனை வைத்தாள். பிறகு போய் உன் அறையைத் திறந்தாள்.

உன் அறை நீ போனபிறகு கிடங்காகிவிட்டது. நத்தைகளைப் பற்றி அம்மா ஆசைப்பட்டுப் போட்ட புத்தகம் விற்காமல் கட்டுக் கட்டாகக் கூரைவரை அடுக்கியிருந்தது. அப்பா அதைப் பார்க்கும்போதெல்லாம் சரக்கும் நத்தை வேகத்தில்தான் நகருது என்பார். உன் கடிதம் வந்த வாரத்திலிருந்தே அம்மா தினமும் சாயங்காலம் அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். நீ மறந்துவிடுங்கள் என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. படிக்கட்டில் ஓரமாக நத்தை, என் கட்டிலுக்கு அடியில் நத்தை, குளியலறைப் பரணிலும் நத்தை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஜன்னல் கொக்கியைப் பூட்டுக்கடைக்காரர் வந்து மாற்றிக் கொடுத்தார். கட்டிலுக்குக் கீழிருந்து இழுக்கிற மாதிரி ஒரு சின்னக் கட்டில் வாங்கியிருக்கிறாள், அதில் என்னால்கூடக் கால் நீட்ட முடியாது. யாருக்கு என்று கேட்டேன். ஓர் அறை என்றால் காலியாக இருக்க வேண்டும், யாராவது வருவார்கள் என்றாள். ஈரம் ஏறுகிறது, அதனால்தான் காலி செய்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். இதற்கிடையில் உனக்குப் பதில் எழுதுகிறாள். எழுதி, கோடு போட்டு, மறுபடி எழுதி, கிழித்து, மறுபடி. அவளுக்கு மற்றவர்கள் எழுத்தை முடித்து வைக்கத் தெரியும், தன்னுடையதை முடிக்கத் தெரியவில்லை. உனக்கு அது வந்து சேர்வதற்குள் நீ கையெழுத்துப் போட்டுவிடுவாய். அதுதான் என் பயம்.

அம்மாவிடம் நேராகச் சொல்லேன் என்று நீ கேட்பாய். சொன்னால் பார்சல் அக்காவை அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டமாட்டாள், ஆனால் அவள் தானாகவே வேலையை விட்டு நின்றுவிடுவாள், அவள் சுபாவம் அப்படி. அம்மா அதற்குப் பிறகு பென்சிலைத் தொடுவாளா என்பதும் தெரியாது. போன் கூடத்தில் அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதில் நான் என்ன பேச முடியும்? அப்பாவை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம். நீ கிளம்பின அன்றைக்கு, உன் முடிவு, அதுக்கு நீதான் பொறுப்பு என்று சொன்னாரே, அதற்குப் பிறகு உன் போன் வந்தால் பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். தண்ணீர் அதிகமாகி ஒரு செடி அழுகியே போய்விட்டது. அறை காலியாவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் நத்தையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஈரம் என்ற கதையை அவர் நம்புகிறாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்தால் என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதி உன்னைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

புத்திமதி சொல்ல எனக்கு வயதில்லை, ஆனாலும் வரிசைப்படி சொல்லவேண்டும். கையெழுத்துப் போடாதே. மத்தியானத்தில் பதிப்பகத்துக்குப் போன் செய், அப்போது அப்பா வகுப்பில் இருப்பார், அம்மாதான் எடுப்பாள். நீ எழுதியதை இன்னொரு தரம் வாயால் கேள். நான் எழுதியதைச் சொல்லாதே. வாலுக்குக் கம்பளிச் சட்டை கொண்டுவா, இங்கே ராத்திரியில் குளிர்கிறது. அவனுக்குப் புத்தகம் எதுவும் கொண்டுவர வேண்டாம், தூங்குகிற இடம் தவிர எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆசியை அம்மா சார்பில் எழுதிக்கொள், அவள் எழுதினால் நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும் என்று ஒரே வரியில் எழுதி, அதிலும் ஏதாவது ஒரு சொல்லை அடித்திருப்பாள். உறையும் தபால்தலையும் தயாராக இருக்கின்றன, காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் போட்டுவிடு—

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. வெளியிலிருந்தே பேசுகிறார். “தூங்கலைன்னு தெரியும்மா, எந்திரிச்சு வா. அந்தச் சின்னக் கட்டிலுக்குக் கொசுவலை கட்டணும், ஒரு ஆள் ஸ்டூலப் பிடிக்கணும். குழந்தை வந்து எறங்கினப்புறமா ஆணி அடிச்சிட்டு நிக்க முடியும்?” அக்கா, நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லியிருக்கமாட்டாள், அவராகவே—