தூதுவளை என்று நம்பிய செடி

உப்பளம், புதுச்சேரி
செப்டம்பர் 3

அன்புள்ள மெரின் அப்பாவுக்கு, ஞானமேரி எழுதுவது.

மாதா தயவில் நானும் மெரினும் நலம். உங்களுக்கும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறேன். வியாழக்கிழமை ரிச்சர்ட் அண்ணன் பாரீசுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதத்தையும் ஒரு டப்பா தூதுவளைப் பொடியையும் கொடுத்தனுப்புகிறேன். இலையை முள் நீக்கி நிழலில் உலர்த்தி, மிளகு, சீரகம், துவரம்பருப்பு வறுத்துச் சேர்த்து அரைத்தது. சுடுசோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுங்கள். அங்கே இனிமேல் குளிர் தொடங்கிவிடும். உங்களுக்குச் சளி பிடித்தால் லேசில் போகாது.

மெரின் நன்றாகப் படிக்கிறாள். கெமிஸ்ட்ரிக்கு மட்டும் டியூஷன் வைத்திருக்கிறேன். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடி உடைந்துவிட்டது, மாற்றியாயிற்று.

இனி, போனில் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் தைராய்டு ஆபரேஷன் முடிந்ததும், பதினைந்து நாளில் குரல் சரியாகிவிட்டது என்று உங்களுக்கு மெசேஜ் அனுப்பினேன். அது பொய். குரல் போய்விட்டது. வெறும் காற்றுதான் வந்தது. நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் நான் குளிக்கிறேன், கோவிலில் இருக்கிறேன் என்று மெரினைச் சொல்லவைத்தவள் நான்தான். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். குரல் நரம்பு அதிர்ந்திருக்கிறது, ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம், பழைய மாதிரி வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். நீங்கள் வேலையில் சேர்ந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து நிற்பீர்கள் என்று தெரியும்.

பாடற்குழுவில் என் இடத்தில் இப்போது பிரிஸ்கில்லா பாடுகிறாள். நன்றாகத்தான் பாடுகிறாள். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். குழுவை நடத்தும் பிரகாசம் அண்ணன்தான், தூதுவளை தொண்டைக்கு நல்லது, வைத்துப் பாரேன் என்றார். மே மாதம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கன்று வாங்கி வந்தேன். தண்டில் முள், இலை ஓரத்தில் வெட்டு. வேறென்ன பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். மாடியில் பெரிய தொட்டியில் செம்மண்ணும் சாணி எருவும் போட்டு வைத்தேன். இந்த உப்புக்காற்றிலும் அது மடமடவென்று இடுப்பு உயரம் வந்தது. இரண்டு முறை ரசம் வைத்துக் குடித்தேன். ஒரே கசப்பு. இரண்டாவது முறை வயிற்றைப் பிடித்து முறுக்கியது. மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

போன மாதம், வீராம்பட்டினம் தேருக்கு முந்தின வாரம் ஒருநாள் காலை, மூன்று வீடு தள்ளி மாடியில் குடியிருக்கும் சிவசங்கரி வந்தாள். அவளுடைய ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு நாலு நாளாக இருமல். நானே ஒரு கை நிறைய இலை பறித்துக் கொடுத்தேன். அவள் போய்க் கால்மணி நேரம் இருக்கும். பாகூரிலிருந்து கீரை கொண்டுவரும் அஞ்சலாட்சியை, செடிக்குப் பூச்சி வந்திருக்கிறதே என்று சைகை காட்டி மாடிக்குக் கூட்டிப்போனேன். அவளிடம் எப்போதும் கைகாட்டித்தான் கீரை வாங்குவேன். அவள் செடியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"யக்கா, இத யாரு தூதுவளைன்னு குடுத்தது? இது சுண்ட. பூவப் பாரு, வெள்ளையா இருக்குது. தூதுவளை ஊதாப் பூல்ல பூக்கும்? அது கொடியால்ல போவும், இப்புடி மரமாட்டம் நிக்காது" என்றாள். சுண்டையில் காயைத்தான் தின்போம், இலையை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள் என்றும் சொன்னாள்.

உடனே சிவசங்கரிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். கீழே கேட் பூட்டியிருந்தது. மேலே சமையலறையில் மிக்ஸி ஓடுகிறது. கேட்டைத் தட்டினேன், கேட்கவில்லை. கூப்பிட்டேன், காற்றுதான் வந்தது. பிறகு மிக்ஸி நின்றது. வடிகட்டினால் குழந்தை வாயில் ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

"சங்கரி, குடுக்காத!"

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் குரல் இல்லை அது. உடைந்து, கரகரத்து, தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. ஆனால் தெருவே திரும்பிப் பார்த்தது. சிவசங்கரி டம்ளரும் கையுமாக ஜன்னலுக்கு வந்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டு, கொட்டிவிடு என்று கைகாட்டினேன். கொட்டிவிட்டாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தது. அவர்கள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

என்னவோ ஏதோ என்று அப்போதுதான் ஓடிவந்து சேர்ந்த அஞ்சலாட்சி, "யக்கா, உனக்குப் பேச வருமா? நான் பொறவி ஊமைன்னுல்ல நெனச்சினு இருந்தேன்" என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. சிவசங்கரி என்னை ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தையை அன்றைக்கே டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கினாள். இப்போது இருமல் இல்லை.

சந்தையில் விற்ற ஆளைத் தேடவில்லை. அவரும் தெரியாமல் கொடுத்திருப்பார், என்னைப் போல.

மறுவாரம் அஞ்சலாட்சி தன் வயல் வேலியிலிருந்து நிஜத் தூதுவளைத் தண்டு நான்கும் ஒரு கட்டு இலையும் கொண்டுவந்தாள். இலையின் அடியில், நடு நரம்பில்கூடக் கொக்கி மாதிரி முள். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக எடுத்ததில் விரலெல்லாம் கீறல். உங்கள் பொடி அந்த இலையில் அரைத்ததுதான். தண்டுகளில் இரண்டு பட்டுப்போயின, இரண்டு துளிர்த்திருக்கின்றன. ஜன்னல் கம்பியில் சணல் கயிறு கட்டி ஏற்றிவிட்டிருக்கிறேன்.

செடியால் குரல் வந்தது என்று எழுத மாட்டேன். அன்றைக்குக் கத்தியதைக் கேட்டு டாக்டர் முதலில் திட்டினார். பிறகு சோதித்துப் பார்த்துவிட்டு, நரம்பு அசையத் தொடங்கியிருக்கிறது என்றார். வாரம் இருமுறை பயிற்சிக்குப் போகிறேன். இப்போது மெதுவாகப் பேச வருகிறது. பாட வராது. தடித்த குரல். மெரின், பழகிவிட்டது அம்மா என்கிறாள்.

வக்கான்சுக்கு ஊருக்கு வர டிசம்பரில் லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஆண்டவர் உங்களைப் போக்கிலும் வரத்திலும் காக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூப்பிடுங்கள். போனை நான்தான் எடுப்பேன். வேறு யாரோ பேசுகிறார்கள் என்று தோன்றும். வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
ஞானமேரி