தகரத்துக்குக் காவல்

பாளையங்கோட்டை

அன்பு மகள் கோமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க நெல்லையப்பர் துணை நிற்கட்டும். போனில் சொன்னால் நீ சிரித்தே என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பிரசவத்துக்கு அம்மா மட்டும் டப்ளினுக்கு வரட்டும், நான் தாத்தாவின் காரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன் அல்லவா, அதற்கு உன் அம்மா, "பேரப்பிள்ள பொறக்கையில நீங்க தகரத்துக்குக் காவல் இருக்கப் போறியளாக்கும்" என்று கேட்டுவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டாள். அந்த மௌனம் தாங்காமல் 1938-ஆம் வருஷத்து அமெரிக்கக் கார், மடக்குக் கூரை, ஒரு கீறல் கிடையாது, விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தேன். யாரும் வரமாட்டார்கள் என்று நம்பித்தான் கொடுத்தேன். பாதி ஆயுளைத் துபாயில் கழித்துவிட்டுக் காயல்பட்டினம் திரும்பிய சிராஜுதீன் என்பவர் வந்துவிட்டார். காரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போனார், இவர் வாங்காமல் போகமாட்டார் என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ஊரெல்லாம் அதன் பெருமை பேசிய வாயாலேயே பழி சொல்ல ஆரம்பித்தேன், பெட்ரோலைக் குடிக்கும், கூரை ஒழுகும், வண்ணார்பேட்டையில் பிரேக் மிதித்தால் கொக்கிரகுளத்தில்தான் நிற்கும் என்று. அந்தக் காரோ என் மானத்தை வாங்கியது, முதல் தடவையிலேயே கிளம்பிப் பத்தமடை வரை வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. திரும்பி வந்து இறங்கியதும் அவர், "அண்ணாச்சி, நீங்க காரை விக்கியளா, என்னைய விரட்டுதியளா" என்று சிரித்தார். மனசில்லாதவரிடம் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயித்த மிதப்பில் உள்ளே போனால் உன் அம்மா இரண்டு பெட்டி எடுத்து வைத்திருக்கிறாள், ஒன்றில் எனக்குப் புது ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும். வேர்க்க வேர்க்கக் குல்லாயை மாட்டிப் பார்த்தேன், கண்ணாடியில் தெரிந்தவன் காரை விடக் கிழடாக இருந்தான். காருக்காவது கீறல் இல்லை. இன்னும் எத்தனை காலம் பேரப்பிள்ளையைத் தூக்க இவனுக்குத் தெம்பு இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் நானே சிராஜுதீனுக்குப் போன் செய்து நேற்றுச் சொன்னதெல்லாம் பொய் என்றேன். "கூரை ஒழுகும்னியளே, அதுவுமா? பிரேக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் வாங்கச் சம்மதித்தார் மனுஷன்.

நேற்று நாங்களே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தோம். கிளம்பும்போது அம்மா கூரையை மடக்கச் சொன்னாள். கல்யாணமானதிலிருந்து இந்தக் காரில் தலை குனிந்தே உட்கார்ந்து வந்தவள், ஸ்ரீவைகுண்டம் தாண்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையசைத்ததும் இவளும் அசைக்கிறாள். உனக்குக் காரே பிடிக்காது என்றல்லவா நினைத்தேன் என்றால், "காரு பிடிக்கும், காலைத் தொடைச்சிட்டு ஏறுன்னு நீங்க சொல்லுததுதான் பிடிக்காது" என்றாள். காயல்பட்டினத்தில் அவர் வாசலில் காத்து நிற்க, இவள் இறங்கவில்லை, "கடற்கரை வரை ஒரு சுத்து போயிட்டு வந்து குடுப்போமே" என்றாள். அவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வாங்கியவர் பின்னால், விற்றவன் ஸ்டியரிங்கில், உன் அம்மா மகாராணி போல முன்னால். பஸ்ஸில் திரும்பும்போது கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றேன். ஜன்னல் சாத்தியிருந்தது. அம்மா முந்தானையை நீட்டினாள்.

மாப்பிள்ளையிடம் சொல்லி இரண்டு டிக்கெட்டாகப் போடு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே, ஈரத்தில் வேகமாக நடக்காதே. காந்திமதி அம்மை அருளால் நல்லபடியாகப் பெற்று எல்லாரும் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு
உன் அப்பா
ஐயம்பெருமாள்