காயாத துண்டு

சங்கரன்கோவில் பக்கம்,
மாசி, புதன்கிழமை, 1979

பட்டாளத்தில் இருக்கும் என் மூத்த மகன் சங்கரபாண்டிக்கு அம்மா மாரித்தாய் எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே குளிராமே, கம்பளிச் சட்டையைக் கழற்றாதே.

போன வாரம் ஊரே வண்டி கட்டிக்கொண்டு டவுன் கொட்டகைக்கு ராஜா படம் பார்க்கப் போனோம். பக்கத்து நாட்டோடு சண்டை போட ராஜாவுக்கு ஒரு சாக்கு வேண்டும். மந்திரி தன் ஆட்களுக்கே எதிரி வேஷம் போட்டு, சொந்தக் களஞ்சியத்தில் தீ வைக்கச் சொல்கிறான். பழி எதிரி மேல். "ஏலே, வச்சது உங்காளுதாம்லே!" என்று நம் ஊர்க்காரர்கள் திரையைப் பார்த்துக் கத்தினார்கள். உன் தம்பி துரைப்பாண்டி அடித்த விசிலில் என் காது அடைத்துவிட்டது.

நேற்று நம் ஊர் வைக்கோல் படப்பு எரிந்துபோனது. பக்கத்தில் ஒரு துண்டு கிடந்ததாம். அதில் உன் தங்கச்சி அன்னக்கிளியைக் கொடுத்த ஊரின் சலவைக்குறி. இரண்டு ஊருக்கும் கண்மாய்த் தகராறு ஏற்கெனவே இருக்கிறது, கேட்கவா வேண்டும்? கொட்டகையில் கத்தியவர்கள்தான் இப்போது அரிவாள் தீட்டுகிறார்கள்.

அது நம் மாப்பிள்ளை வெள்ளத்துரையின் துண்டு, ஐயா. விருந்துக்கு வந்தவர் மறந்து விட்டுப் போனார். மகள் வீட்டுக்கு வெறுந்துண்டை எப்படி அனுப்புவது, அதிரசம் சுட்டு அதோடு கொடுத்துவிடலாம் என்று துவைத்துப் போட்டிருந்தேன். நேற்றுக் காலையில்கூட நம் கொடியில்தான் கிடந்தது.

துரைப்பாண்டியைக் கேட்டேன். "இது ஊர் விஷயம், நீ சும்மா கெட" என்றான். முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறான். நாட்டாமையிடம் ஓடினேன். "ஆத்தா, கொடியில நீ ஒண்ணும் பாக்கல" என்றார்.

வெள்ளிக்கிழமை அந்த ஊருக்கு அரிவாளோடு போகப்போகிறார்களாம். மாப்பிள்ளை வீடுதான் முதலில். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தெரிந்துதான் எழுதுகிறேன். யாரிடம் சொல்லி அழ?

இன்று இரண்டு ஊருக்கும் போய்வரும் முட்டை வியாபாரி ஆமினாள் வந்தாள். "அவுக துண்டை அங்கன வச்சிட்டு வந்துட்டாக, குடுத்து விடுங்கம்மா" என்று மாசமாய் இருக்கும் அன்னக்கிளி சொல்லிவிட்டாளாம். விஷயம் என் தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் அரிவாளோடு காத்திருப்பார்கள். முன்னால் போகிறவன் உன் தம்பி. இரண்டும் நான் பெற்றதுதானே, ஐயா.

துண்டு இன்னும் காயவில்லை என்று சொல்லி, அதிரசத்தை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

உன்னைச் சண்டைக்குப் போகச் சொன்னால், தீ வைத்தது யார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போ. நீயாவது நல்லபடியாக இரு.

உன் அம்மா,
மாரித்தாய்