சுடாத வெந்நீர்

நவம்பர் 7, 1994
என் சர்க்கரை மாத்திரை வாங்க மாட வீதிக்குப் போய் ஒற்றைச் செருப்போடு திரும்பினேன். இன்னொன்று எங்கே கழன்றதோ, சத்தியமாகத் தெரியவில்லை. பழைய நாளாயிருந்தால் இவர் கேலி பண்ணியே தீர்த்திருப்பார். பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சே இல்லை.

நவம்பர் 9
பிசியோதெரபிஸ்ட் ஷரீஃப் வந்தார். இவருடைய வலது தோளுக்கு வெந்நீர்ப் பை, வீங்கின இடது முழங்காலுக்கு ஐஸ். "வலது பக்கம் உணர்ச்சி கம்மி மாமி. சுட்டாலும் சாருக்குத் தெரியாது. முதல்ல உங்க கையில வெச்சுப் பாருங்க, அப்புறம் துண்டு சுத்தி வைங்க. இனிமே உங்க கைதான் அவருக்குத் தோல்." கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் நான், எனக்கே பாடம். தலையாட்டி வைத்தேன்.

நவம்பர் 12
தோளில் சிவப்பாக ஒரு வட்டம். தொட்டுப் பார்த்துத்தானே வைத்தேன்? வெதுவெதுப்புக்கூட இல்லையே.

நவம்பர் 15
ஃப்ரிட்ஜும் மக்கர். ஐஸ் சில்லென்றே இல்லை. வெந்நீர் சுடவில்லை, ஐஸ் குளிரவில்லை — இந்த ஆத்துக்கு என்ன வந்தது? பை வைக்கும்போது இவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் கையையே பார்க்கிறார். வேறு யாருடைய கையோ மாதிரி.

நவம்பர் 18
கொப்புளம். துண்டை எடுத்ததும் தோல் வழண்டு வந்தது. ஐயோ, நான் என்ன பண்ணுவேன்?

ஷரீஃபுக்கு முகமே மாறிவிட்டது. இனிமேல் சூடே வேண்டாம், மறுபடி ஏதாவது ஆனால் நர்சிங் ஹோமில்தான் சேர்க்க வேண்டும் என்கிறார். இவரை அங்கே விட்டுட்டு நான் இங்கே ஒண்டியா என்ன பண்றது?

ஆயா சண்முகவடிவிடம் கத்தித் தீர்த்தேன். நான் வைத்த பையில் நீதானே கொதிக்கக் கொதிக்க மாற்றி ஊற்றுகிறாய் என்று. "நான் இன்னாத்துக்கும்மா அத்தத் தொடப்போறேன்? நீதான் என்னிய கிட்டயே வுட மாட்டியே." அதுவும் நிஜம்தான். அப்படியென்றால் யார்?

நவம்பர் 20
இன்று பரீட்சித்தே பார்த்துவிட்டேன். வழக்கம்போலத் தண்ணீர் காய்ச்சிப் பையை நிரப்பித் தொட்டேன், பச்சைத்தண்ணீர் மாதிரிதான் இருந்தது. இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேஜைமேல் பையை வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தானாகச் சூடாகிறதா, யாராவது வருகிறார்களா, பார்த்துவிடுவது என்று.

யாரும் வரவில்லை. இவர்தான் தொண்டைக்குள் ஏதோ முனகினார். கண் என் கையை விட்டு நகரவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர்.

சண்முகவடிவு தரை துடைக்க வந்தவள் பையைத் தொட்டுவிட்டுத் துள்ளினாள். "யம்மா, கைய எடு. கொதிச்சிக்கினு கீது." எடுத்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

வலிக்கவே இல்லை.

நவம்பர் 21
சண்முகவடிவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடும்மா" என்றாள்.

ஷரீஃப் என் கைக்குக் கட்டுப் போட்டுவிட்டு, சர்க்கரை எத்தனை வருஷமாக என்று கேட்டார். வேலையில் இருந்த காலத்திலிருந்தே என்றேன். இந்த மரப்பு அதனால்தானாம். கால் விரல், கை விரல் என்று அது பாட்டுக்கு ஏறியிருக்கிறது. இவர் கட்டிலோரம் உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

"ஊசி முனையால தொடறேன். தெரிஞ்சா சொல்லுங்க மாமி."

காத்திருந்தேன். தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போனாள்.

"ஆரம்பிங்கோளேன்" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். ஷரீஃப் ஊசியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். என் வலது கையை இவர் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது பிடித்தாரோ.