மூன்று நாள் லெந்தும் பாதிப் பழம்பஜ்ஜியும்

என் பிரிய மைனி,

கோட்டாற்றில் இன்று சாயங்காலம் தூறல். நம்முடைய பழம்பஜ்ஜிக் கடையில் தேங்காயெண்ணெய் காயும் மணம் தெருமுனைக்கே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனது. புகைக்குள் உங்கள் நீலக் குடை. "மைனி" என்று கூப்பிட்டேவிட்டேன். திரும்பியது உங்கள் மகள் ஜெபா.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் நாம் கூட்டுக் களவாணிகள்தானே. சுகரும் நமக்கு ஒரே வருஷத்தில்தான் வந்தது. டாக்டரிடம் போவதற்கு முந்தின மூன்று நாளும் நமக்கு லெந்து, சபையில் தவக்கால நோன்பு இருப்பதுபோல. கேப்பைக் கூழ், பாகற்காய். எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. நாலாம் நாள் ரத்தம் கொடுத்து, டாக்டர் "நல்லா இருக்கே" என்றதும் நேரே இந்தக் கடைக்கு வருவோம். ஆளுக்கு மூன்று பழம்பஜ்ஜி!

"பாத்தியா மக்கா, சுகரு நம்ம சொன்ன பேச்சு கேக்குது" என்று விரலை நக்கிக்கொண்டே சிரிப்பீர்கள். உங்கள் கால் புண் ஆறாமல் உங்களைக் கொண்டுபோகிறவரைக்கும் நான் டாக்டரிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஏன் சொல்லாமல் இருந்தேன், மைனி?

நீங்கள் போனபின், மூன்று மாதச் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டுகிற டெஸ்டை டாக்டர் எனக்கு எழுதினார். அதனிடம் நம் லெந்து பலிக்கவில்லை. குட்டு உடைந்தது.

பலகாரத்தை நான் விட்டுவிடவில்லை, சந்தோஷப்படுங்கள். முதலில் சிறுபயறுச் சுண்டல், பிறகு ஒரு ரசவடை. சில நாள் வடைக்குப் பதில் பாதிப் பழம்பஜ்ஜி. சீனி போடாத சாயா. அப்புறம் பஸ்ஸுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடை. இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தால் சுகர் அடக்கமாகத்தான் இருக்கிறது. மற்ற பாதிதான் காகிதத்தில் கிடந்து ஆறிப்போகும். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

இன்று அந்தப் பாதியை ஜெபாவிடம் நீட்டினேன். அவளுக்கும் இப்போது சுகர் எட்டிப் பார்க்கிறது.

"எனக்கு வேண்டாம் அத்தை. வெள்ளிக்கிழமை டெஸ்டு. நான் லெந்துலயாக்கும்" என்று சிரித்தாள். அதே சிரிப்பு. "அம்மைக்கு எப்பவும் நல்லாத்தானே வந்துச்சு?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். "நல்லா வரல்ல மக்கா. நாங்க வர வச்சோம். டாக்டர ஏமாத்துனோம்னு சிரிச்சோம். ஒன் அம்மை போற வரைக்கும் நான் வாயத் தொறக்கல்ல."

ஏசுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "அந்தப் பாதியத் தாங்க அத்தை. டெஸ்டுக்கும் எல்லா நாளும் போல தின்னுட்டே போறேன். நெசமா உள்ளது வரட்டும்."

தின்றோம். ஒரே குடையில் வீடுவரை நடந்தோம். வழியெல்லாம் எனக்கு அந்தப் பக்கம் நீங்களும் நடந்து வருவதுபோல இருந்தது. வந்தீர்களா?

வெள்ளிக்கிழமை அவளோடு நானும் போகிறேன், மைனி. உங்களுக்காகச் சொல்லாததை எல்லாம் அவளுக்காக டாக்டரிடம் சொல்லிவிடுவேன்.

இனிக் களவு செய்யாத
உங்கள் நாத்தனார்,
கிரேஸ்