முதல் பெயர்

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதிப் போடு என்றாய். எழுதுகிறேன்.

ஆகஸ்டில் என் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று ஜூனில் ஒரு குழு முடிவு செய்யும். என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்க மாட்டார்கள். எத்தனை மேற்கோள் என்றுதான் கேட்பார்கள். இன்னொருவர் தன் ஆய்வுக் கட்டுரையில் என் கட்டுரையைக் குறிப்பிட்டால் ஒரு மேற்கோள். அவ்வளவுதான் எங்கள் மதிப்பு.

சில விண்மீன் திரள்களில் புது நட்சத்திரம் பிறப்பது நின்றுவிடுகிறது. நடுவிலிருக்கும் கருந்துளையருகே கிளம்பும் காற்று வாயுவை வெளியே தள்ளிவிடுவதுதான் காரணம் என்று எழுதினேன். மூன்று வருட வேலை. நாற்பத்தொரு பேர் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் கட்டுரையில் முதல் பெயர் எங்கள் ஆய்வு மைய இயக்குநருடையது. தலைப்பைத் தாண்டி அவர் படித்திருந்தால் அதிசயம். ஜன்னல் இல்லாத அறையில் நாங்கள் ஐந்து பேர். அவர் ஒருவருக்கு மூன்று ஜன்னல்.

எண்ணிக்கை தெரியும் இணைப்பை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்துக்கொள்.

உன் மகள்

மார்ச் 29

என் வாலுக்கு,

தினமும் ஸ்கூல் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் பார்த்துவிடுகிறேன். நாற்பத்து மூன்று ஆகிவிட்டது! பின் சீட்டுப் பிள்ளைகள் கூட “ஆன்ட்டி, இன்னைக்கு ஸ்கோர் என்ன?” என்று கேட்கிறார்கள்.

முகம் தெரியாதவர்கள் உன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு நன்றி சொல்ல வேண்டாமா? நீ சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அவரவர் கட்டுரையிலேயே முகவரி இருந்தது. நான் தமிழில் சொன்னேன், போன் அவர்கள் மொழிக்கு மாற்றியது. “இரண்டாவதாக இருக்கும் பெயர் என் மகளுடையது. வேலை முழுக்க அவள் செய்தது. அவளைக் குறிப்பிட்டதற்கு நன்றி” என்று நாற்பத்து மூன்று பேருக்கும் அனுப்பிவிட்டேன். நாலு பேர் பதில் போட்டிருக்கிறார்கள், தெரியுமா!

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா

ஏப்ரல் 10

அம்மா,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்?

எங்கள் தொழிலில் மேற்கோளுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒரு பேராசிரியை என் முடிவே தவறு என்று பதினெட்டுப் பக்கம் எழுதியவர். வாயு வெளியே போகவில்லை, தீர்ந்துபோனது என்கிறார். அவருக்குமா நன்றி?

அதைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். இயக்குநர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “உங்கம்மா ஊருக்கெல்லாம் கடுதாசி போட்டிருக்காங்களாமே? முதல் பேரு யாரோடதுன்னு அவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?” அவர் பெயரைப் போட்டுக்கொண்டார், நான் திருடியைப் போல நின்றேன். ஜூன் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

தயவுசெய்து இனி யாருக்கும் எழுதாதே. கொஞ்ச நாள் எனக்கும்.

ஏப்ரல் 21

என் கண்ணுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

யாராவது வழி விட்டால் நான் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பஸ்ஸை நகர்த்துவேன். முறைத்துக்கொண்டே விட்டவனுக்கும் அப்படித்தான். இருபது வருடப் பழக்கம், அந்தக் கை அங்கேயும் தானாக உயர்ந்துவிட்டது. உன் வேலைக்கு உலை வைக்கும் என்று நினைக்கவில்லையடி. தூக்கம் வரவில்லை.

உங்கள் இயக்குநருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதட்டுமா? நீ சொன்னால்தான் எழுதுவேன்.

அம்மா

ஜூன் 28

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில், மன்னிப்புக் கடிதம் வேண்டவே வேண்டாம்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. குழு பேசிய நேரத்தில் ஒரு டீ கூட ஆறியிருக்காது.

அழாதே, மீதியையும் படி. என்னை மறுத்த அந்தப் பேராசிரியை எனக்கு எழுதினார். அந்த ஆய்வு இயக்குநருடையது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாராம். உனக்குப் பதில் எழுதுவதற்காகக் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்திருக்கிறார். சிறிய திரள்களில் என் காற்று சரி, பெரியவற்றில் அவர் சொன்னது சரி. இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம். செப்டம்பரிலிருந்து அவரிடம் இரண்டு வருட வேலை. அறையில் ஜன்னல் உண்டா என்று கேட்டேன். “ஒண்ணு இருக்கு, ஆனா மூட வராது” என்றார்.

நாற்பத்து மூன்று பேர் என் கட்டுரையைக் குறிப்பிட்டார்கள். அதைச் செய்தது யார் என்று சொன்னவள் நீ ஒருத்திதான். அதற்குத்தான் நான் உன்னைத் திட்டினேன்.

எங்கள் புதுக் கட்டுரை நேற்று இணையத்தில் வெளியானது. கடைசியில் நன்றி சொல்ல ஒரு பத்தி உண்டு. தொலைநோக்கிக்கு, கணினிக்கு எல்லாம் சொல்வார்கள். அதில் “பள்ளிப் பேருந்து ஓட்டும் என் அம்மாவுக்கு” என்று சேர்த்திருக்கிறேன்.

இதற்கு இன்னும் ஒரு மேற்கோளும் வரவில்லை. வந்ததும் அவர்களுக்கு நன்றி எழுது. இந்த முறை கடிதத்தின் கீழே என் பெயரையும் போட்டுவிடு. முதல் பெயர் மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும்.

உன் வாலு